வீடியோவ இழுத்தியா தம்பி? - ஒரு 30 ஷாட்டும் என் எக்ஸ்போர்ட் செட்டிங்ஸும்

(எபிசோடில் பேசியது. வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு பட்டனைப் பத்தித்தான். எடிட்டிங் எல்லாம் முடிச்சுட்டு கடைசியா அமுக்குவோமே, 'எக்ஸ்போர்ட்', அந்த பட்டன். அதை அமுக்கினதும் ஒரு பெட்டி வரும். ரெசல்யூஷன், ஃப்ரேம் ரேட், பிட்ரேட், கோடெக்னு நாலஞ்சு கேள்வி கேக்கும். நம்மள்ல நிறைய பேர் அதைப் படிக்கவே மாட்டோம். இருக்கிறதுலயே பெரிய நம்பரைத் தேர்ந்தெடுத்துட்டு ஓகே குடுத்துடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேற, அதனால நமக்குத் தெரியாததா இதுன்னு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு உடைஞ்சது போன வருஷம் தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி, ஒரே ஒரு ஃபோன் கால்ல.

எங்க ஊர் ஆமத்தூர். விருதுநகர்லருந்து சிவகாசி போற ரோட்டுல இருக்கு. பட்டாசு வாங்க வர்றவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போவாங்க. அந்த ரோட்டுல எங்க பெரியப்பா ஒரு சின்ன பட்டாசுக் கடை வச்சிருக்காரு. லைசென்ஸ் கடை. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், ஆன்லைன் வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதனால எங்களுக்கு வீடியோங்கிறது விக்கிறதுக்கு இல்ல, காட்டுறதுக்கு. மதுரை, கோயம்புத்தூர், சென்னையிலருந்து கார் எடுத்துட்டு வர்றவங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோன்ல பாத்துட்டுத்தான் வருவாங்க. "அந்த வீடியோல வந்த ஐட்டம் குடுங்க"ன்னு ஸ்க்ரீன்ஷாட்டை நீட்டுவாங்க.

போன வருஷம் பெரியப்பா சொன்னாரு, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான, ஒரு பத்து ஐட்டம் வீடியோ எடுத்துப் போடு." நான் சென்னையிலருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். கடைக்கிட்ட வெடிக்கவே கூடாது, அதனால ஊருக்கு வெளிய தள்ளி, காய்ஞ்சு கெடந்த கண்மாய்ப் பக்கம் போய் ரெண்டு ராத்திரி எடுத்தோம். ஞாயித்துக்கிழமை உக்காந்து எடிட் பண்ணேன், எக்ஸ்போர்ட் பண்ணேன், அப்லோட் பண்ணிட்டு பஸ் ஏறிட்டேன். வீடியோவும் ஓடுச்சு. எங்க கடை வீடியோலயே அதுக்குத்தான் வியூஸ் அதிகம்.

அப்புறம் அந்த கால். மதுரையிலருந்து ஒரு கஸ்டமர். பேத்திக்குக் காட்டணும்னு தீபாவளிக்கு முன்னாடியே ஒரு 30 ஷாட்டைக் கொளுத்திப் பாத்திருக்காரு. "வீடியோல ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடுச்சே, இங்க அரை நிமிஷம்கூட ஓடல. டூப்ளிகேட் சரக்கைத் தள்ளி விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டாரு. பெரியப்பா முப்பது வருஷமா கடை வச்சிருக்காரு. அந்த வார்த்தையை யாரும் அவர்கிட்ட சொன்னதில்ல.

அவர் எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டது ஒரே கேள்விதான். "வீடியோவ இழுத்தியா தம்பி?"

இழுத்திருந்தேன். எப்படி இழுத்தேன், ஏன் இழுத்தேன், அதுக்கு முன்னாடி வேற என்னென்ன சொதப்பியிருந்தேன்னு வரிசையா சொல்றேன். நீங்க பட்டாசு எடுக்க மாட்டீங்க, கல்யாணமோ கிரிக்கெட்டோ டான்ஸோ எடுப்பீங்க. ஆனா பட்டாசுல தேறுன செட்டிங், வேற எதுலயும் தேறும். ஏன்னு சொல்றேன்.

முதல் சொதப்பல்: 4கே போட்டா ஷார்ப்னு நினைச்சது

ஒரு 1080பி வீடியோ, செகண்டுக்கு 30 ஃப்ரேம். அதைச் சுருக்காம அப்படியே அனுப்பினா செகண்டுக்கு சுமார் 746 மெகாபிட் ஆகும். யூடியூப் நம்மகிட்ட இந்த அளவு வீடியோவுக்கு அப்லோட் பண்ணச் சொல்ற பிட்ரேட் 8 எம்பிபிஎஸ். கிட்டத்தட்ட தொண்ணூறுல ஒரு பங்கு. மிச்சம் எங்க போச்சு?

கோடெக்தான் அந்த வேலையைப் பாக்குது. ஹெச்.264ன்னு சொல்றோமே, 2003ல வந்த ஸ்டாண்டர்ட், இன்னைக்கும் எல்லா ஃபோன்லயும் ஓடுது. அது பண்றது ஒரு கணிப்பு. போன ஃப்ரேம்ல இருந்த சுவர் இந்த ஃப்ரேம்லயும் அங்கதான் இருக்கும், அதைத் திரும்ப எழுத வேணாம். நடந்து போற ஆள் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருப்பாரு, 'நகர்ந்தாரு'ன்னு மட்டும் எழுதினாப் போதும். நான் இப்ப மைக் முன்னாடி உக்காந்து பேசுறேன்ல, இந்த மாதிரி வீடியோ கோடெக்குக்கு லட்டு மாதிரி.

பட்டாசு அப்படி இல்ல. ஒரு ஷாட் மேல போய் வெடிச்சா, போன ஃப்ரேம்ல இல்லாத நூத்துக்கணக்கான புள்ளி இந்த ஃப்ரேம்ல இருக்கும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் ஓடும், அடுத்த அரை செகண்ட்ல பாதி செத்துப் போயிருக்கும். எதையும் கணிக்க முடியாது. பிரிட்டன்ல டாம் ஸ்காட்னு ஒரு யூடியூபர், வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டுறதை வச்சு இதையே ஒரு வீடியோவா காட்டியிருக்காரு. காகிதம் கொட்டக் கொட்ட அவர் மூஞ்சியே மங்கிப்போகும். அவர் காகிதம் கொட்டினாரு, எங்க ஊர்ல வருஷம் முழுக்க அதான் தொழிலே.

சரி, நான் என்ன பண்ணேன்? ரெசல்யூஷன் 4கே வச்சேன். பெருமையா இருந்துச்சு. ஆனா ஃபைல் பெருசாகுது, ஊர்ல நெட் இழுக்குது, அதனால பிட்ரேட் ஸ்லைடரைக் கீழ இழுத்து 8ல வச்சேன். 4கேல 1080பியை விட நாலு மடங்கு பிக்ஸல் இருக்கு. பிட்ரேட் அதே 8. விருதுநகர்க்காரனா சொல்றேன், ஒரு பரோட்டாவுக்கு ஊத்த வேண்டிய சால்னாவை நாலு பரோட்டாவுக்கு ஊத்தினா எப்படி இருக்கும்? அதான் நடந்துச்சு. வெடிக்கிற நேரத்துல மட்டும் வானம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு. பொறி பொறியா இல்ல, கரைச்ச மாவு மாதிரி இருந்துச்சு.

இதுல இன்னொண்ணு. நாம அப்லோட் பண்ற ஃபைலை யூடியூப் அப்படியே காட்டுறதில்ல. திரும்ப என்கோட் பண்ணி, பல சைஸ்ல வச்சுக்கும். சிவகாசி காலண்டருக்குப் பேர் போன ஊர், அதனால இப்படிச் சொல்றேன்: ஜெராக்ஸ் காப்பியை பிரஸ்ஸுக்குக் குடுத்து இதைப் பாத்து காலண்டர் அடிங்கன்னா, எவ்ளோ நல்ல மெஷினா இருந்தாலும் ஜெராக்ஸ்தான் வரும். நான் குடுத்தது ஜெராக்ஸ்.

ரெண்டாவது: 'சினிமா லுக்'

டைம்லைன் ஃப்ரேம் ரேட்டை 24 வச்சேன். ஏன்? சினிமா 24லதான் எடுப்பாங்கன்னு எங்கயோ பாத்தது. ஆனா என்கிட்ட இருந்த கிளிப் எல்லாம் 24 இல்ல. என் ஃபோன்ல 60ல எடுத்தேன். கடைப் பையன் ஃபோன்ல 30ல எடுத்தான். 30ல எடுத்ததை 24ல போட்டா, அஞ்சு ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேமை எடிட்டர் தூக்கிப் போட்டுடும். நாலு ஓடும், ஒண்ணு குதிக்கும். ராக்கெட் மேல போறப்ப கண்ணுக்கு நல்லாவே தெரியும், விட்டு விட்டுப் போகும்.

இதைவிடத் தந்திரமான ஒண்ணு இருக்கு. இருட்டுல எடுக்கறப்ப நிறைய ஃபோன் தானாவே ஃப்ரேம் ரேட்டைக் குறைச்சுக்கும், வெளிச்சம் நிறைய உள்ள வரட்டும்னு. நீங்க 30 வச்சிருப்பீங்க, அது சத்தமில்லாம 24க்கு எறங்கும், வெளிச்சம் வந்ததும் ஏறும். ஒரே கிளிப்புக்குள்ள ஃப்ரேம் ரேட் மாறிக்கிட்டே இருக்கும். பட்டாசு வீடியோங்கிறதே இருட்டு, பளிச், இருட்டு, பளிச்தான? எடிட்டர்ல கொண்டு வந்தா எங்கயாவது தடுக்கும், இல்ல ஆடியோ மெல்ல விலகும். கேமரா செட்டிங்ல 'ஆட்டோ எஃப்பிஎஸ்' மாதிரி ஒரு பேர்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. ஏற்கனவே எடுத்துட்டீங்கன்னா, ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர்ல 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாத்திட்டு, அப்புறம் எடிட்டருக்குக் கொண்டு போங்க.

மூணாவது: இழுத்தது

வீடியோ விட்டு விட்டு ஓடுது. ஸ்மூத்தா ஆக்கணும். என்ன பண்றது? 60ல எடுத்த கிளிப்பை 24 டைம்லைன்ல ஸ்லோமோஷனா போட்டேன். 60 ஃப்ரேமும் இருக்கு, எதையும் தூக்கிப் போடத் தேவையில்ல, வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. சத்தம் மட்டும் இழுத்துக் கேவலமா இருந்துச்சு, அதை மியூட் பண்ணிட்டு ஒரு மியூசிக் போட்டுட்டேன். மியூசிக் போட்டதும் இது ஸ்லோமோஷன்னு யாருக்கும் தெரியல. எனக்கே மறந்து போச்சு.

கணக்கு என்ன? 60ஐ 24ல ஓட்டினா ரெண்டரை மடங்கு நீளும். 28 செகண்ட் ஓடுற 30 ஷாட், வீடியோல 70 செகண்ட் ஓடுச்சு. மதுரைக்காரர் கேட்டது நூத்துக்கு நூறு சரி.

அடுத்த வாரம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டல. கடையில உக்காந்து அந்த வீடியோவை என் முன்னாடியே போட்டாரு. 30 ஷாட் எரியுறதைப் பாக்கல. அதுக்கு முன்னாடி திரி எரியுறதை நான் க்ளோஸப்ல வச்சிருந்தேன், அதைப் பாத்தாரு. விரலை மடக்கி எண்ணினாரு. ஒண்ணு, ரெண்டுன்னு பன்னெண்டு வரைக்கும் போச்சு.

"நெசத்துல எவ்வளவு தெரியுமாடா? அஞ்சு. இதைப் பாத்துட்டு ஒருத்தன், திரி மெதுவாத்தான் எரியுது, பன்னெண்டு எண்ற வரைக்கும் நேரம் இருக்குன்னு பக்கத்துலயே நின்னான்னா?"

என்கிட்ட பதில் இல்ல. காசு கணக்குல சரி பண்ணிக்கலாம். அந்த மதுரைக்காரர்கிட்ட பெரியப்பா மன்னிப்புக் கேட்டு, அடுத்த தடவை வர்றப்ப ஒரு பாக்ஸ் சும்மா எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாரு. ஆனா அந்த வீடியோவைப் பாத்த மத்தவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க பக்கத்துல இது விளையாட்டு இல்ல மக்களே. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை விபத்து. அன்னைக்கு முப்பதுக்கும் மேல உயிர் போச்சு. நான் ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன். பட்டாசுல செகண்டுக்கு என்ன விலைன்னு எங்க ஊர்ல பிறந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. எனக்கு எடுக்க வேண்டி வந்துச்சு.

"அந்த வீடியோவ எடுத்துரு"ன்னாரு. வியூஸ் அதிகம் வந்த ஒரே வீடியோ. ரெண்டு நாள் சாக்குச் சொன்னேன். டிஸ்க்ரிப்ஷன்ல 'ஸ்லோமோஷன்'னு போட்டுடலாமேன்னு கேட்டேன். "கீழ எழுதுறத யாரு படிப்பா, நீ படிப்பியா?"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி டெலீட் பண்ணேன்.

இந்த வருஷம் என்ன பண்ணோம்

எக்ஸ்போர்ட் பெட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி வேலை இருக்கு. அதை முதல்ல சொல்லிடுறேன்.

ட்ரைபாட் வச்சோம். கேமரா ஆடலேன்னா, பின்னாடி இருக்கிற கரையும் மரமும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அப்படியே இருக்கும், கோடெக் அந்த பிட்டை எல்லாம் மிச்சம் பிடிச்சு பொறிக்குக் குடுக்கும். எக்ஸ்போஷரை லாக் பண்ணி, கொஞ்சம் கீழ இறக்கினோம். இல்லேன்னா ஃபோன் கருப்பு வானத்தை வெளிச்சமாக்கப் பாக்கும், வானம் முழுக்கப் புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும். நாய்ஸும் கணிக்க முடியாதது, அதுவும் பிட்டைத் தின்னும். இறக்கி வச்சா இன்னொரு லாபம்: சிவப்பு சிவப்பா தெரியும். பட்டாசுல சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு, மஞ்சளுக்கு சோடியம். எக்ஸ்போஷர் ஏறிப் போச்சுன்னா ரெண்டுமே வெள்ளையாத்தான் பதிவாகும், எடிட்டிங்ல அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, புகை எங்களை விட்டு விலகிப் போற பக்கமா நின்னோம். புகை மெல்ல மங்குற சாம்பல் நிறம், அது பட்டை பட்டையா உடையும்.

எல்லா ஃபோனும் 60, ஃபிக்ஸட். டைம்லைன் 60. எக்ஸ்போர்ட் 60. இதான் முதல் விதி: எடுத்தது, எடிட் பண்றது, வெளிய அனுப்புறது மூணும் ஒரே ஃப்ரேம் ரேட். நீங்க எல்லாத்தையும் 30ல எடுத்திருந்தா 30லயே விடுங்க. 30ஐ 60ஆ எக்ஸ்போர்ட் பண்ணா ஸ்மூத் ஆகாது, ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு தடவை வரும், அவ்ளோதான்.

கடைக்குள்ள எடுத்ததுல மட்டும் ஒரு சிக்கல். நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால லைட் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் அதோட ஒத்துப் போகலேன்னா வீடியோல பட்டை ஓடும். ஷட்டரை நூத்துல ஒரு செகண்ட் வச்சோம், போயிடுச்சு. இதை எக்ஸ்போர்ட்ல சரி பண்ணவே முடியாது.

இப்ப பெட்டி. பேனா எடுத்துக்கோங்க.

ஃபார்மட் எம்பி4, கோடெக் ஹெச்.264, ப்ரொஃபைல் 'ஹை'. பிட்ரேட்டுக்கு யூடியூப் சொல்ற கணக்கு இது: 1080பி 30க்கு 8, 1080பி 60க்கு 12. 1440பி 30க்கு 16, 60க்கு 24. 4கே 30க்கு 35லருந்து 45, 4கே 60க்கு 53லருந்து 68. எல்லாம் எம்பிபிஎஸ். பேசுற வீடியோவுக்கு இது தாராளம். பட்டாசு, மழை, கூட்டம், டான்ஸ் மாதிரி எல்லாமே ஆடுற வீடியோவுக்கு இதை ஆரம்பம்னு வச்சுக்கோங்க, மேல போகலாம். நாங்க 4கேல எடுத்து, 1440பி 60ல, 40 வச்சோம். நிமிஷத்துக்கு 300 எம்பி ஆகுது. ஒரு ஐட்டத்துக்கு ஒரு நிமிஷ வீடியோ, தாங்கும்.

ஏன் 1440பி? சின்ன சேனல் 1080பியா ஏத்தினா, பெரும்பாலும் யூடியூப் அதைப் பழைய ஹெச்.264லயே காட்டுறதைப் பாத்திருக்கேன். 1440பிக்கு மேல போனா விபி9 வருது. அதே பிட்ல இன்னும் நல்லாச் சுருக்குற கோடெக். நம்ப வேணாம், நீங்களே பாருங்க. கம்ப்யூட்டர்ல வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' போட்டா, எந்த கோடெக்னு எழுதியிருக்கும்.

'விபிஆர், டூ பாஸ்'னு இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. முதல் தடவை முழு வீடியோவையும் பாத்துட்டு, எங்க வெடிக்குதோ அங்க பிட்டை அதிகமா ஒதுக்கும். கீஃப்ரேம் இடைவெளி, ஃப்ரேம் ரேட்டுல பாதி, எங்களுக்கு 30. ஃபோன்ல ஹெச்டிஆர் ஆன்ல இருந்தா எடுக்கறப்பவே ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா சாதாரணமா எக்ஸ்போர்ட் பண்றப்ப கலர் வெளுத்துப் போகலாம். ஆடியோ ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், 384 கேபிபிஎஸ்.

ஆடியோன்னதும் ஒண்ணு. இந்த வருஷம் மியூசிக் இல்ல, ஒரிஜினல் சத்தம்தான். நூறு மீட்டர் தள்ளி நின்னா வெளிச்சம் உடனே வரும், சத்தம் கிட்டத்தட்ட 0.3 செகண்ட் கழிச்சு வரும். 60 எஃப்பிஎஸ்ல அது 17, 18 ஃப்ரேம். சிங்க் போச்சுன்னு நினைச்சு நகர்த்திடாதீங்க. நேர்ல பாக்கறவங்களுக்கும் அப்படித்தான் கேக்கும்.

அப்லோட் பண்ணதும் உடனே பாத்துட்டு பதறாதீங்க. முதல்ல சின்ன சைஸ்தான் ரெடியாகும், பெருசு ரெடியாக நேரம் எடுக்கும். அன்லிஸ்டடா போட்டு, காத்திருந்து, உங்க லேப்டாப்ல இல்ல, வீட்லயே பழைய ஃபோன் யார் வச்சிருக்காங்களோ அவங்க ஃபோன்ல பாருங்க. நான் பெரியப்பா ஃபோன்ல பாத்தேன். வாட்ஸப்ல அனுப்புறதா இருந்தா லிங்க் அனுப்புங்க, இல்ல 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க. சாதாரண வீடியோவா அனுப்பினா அது இன்னொரு தடவை சுருக்கிடும்.

கடைசியா ஒண்ணு, எந்த செட்டிங்லயும் இல்லாதது. இந்த வருஷம் ஒவ்வொரு வீடியோலயும், திரி பத்த வச்சதுலருந்து கடைசிப் பொறி அணையுற வரைக்கும் ஒரு ஷாட் வெட்டாம இருக்கும். வேகம் மாத்தாம. மூலையில ஒரு ஸ்டாப்வாட்ச் ஓடும். ஸ்லோமோஷன் வச்சா, அது ஓடுற நேரம் முழுக்க 'ஸ்லோமோஷன்'னு பெருசா ஸ்க்ரீன்லயே இருக்கும். பெரியப்பா போட்ட கண்டிஷன் அது.

அதைப் பாத்துட்டு அவர் விரல் விட்டு எண்ணினாரு. அஞ்சுல நின்னுச்சு. "ம், இதைப் போடு"ன்னாரு.

போன வருஷ வீடியோவுக்கு வந்த வியூஸ்ல பாதிகூட இதுக்கு வரல. ஆனா மதுரைக்காரர் வந்தாரு. சும்மா எடுத்துக்கச் சொன்ன பாக்ஸை வேணாம்னுட்டு, ரெண்டு 30 ஷாட் காசு குடுத்து வாங்கிட்டுப் போனாரு. போறப்ப பேத்தி கேட்டுச்சு, "தாத்தா, இது 28 செகண்ட் தான?"

அவ்ளோதான் மக்களே. அடுத்த தடவை அந்தப் பெட்டி வர்றப்ப ஒரு நிமிஷம் நின்னு படிங்க. தீபாவளிக்கு வெடிக்கறப்ப திரி நீங்க நினைக்கிறதைவிட சீக்கிரமா எரியும், பத்த வச்சதும் தள்ளிப் போயிடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.